மறைந்த கம்ப்யூட்டரின் கோப்புகள்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் காலமானது. கடைசி மூச்சு வரை மக்கள் பணியில் இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் திரையில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்ததை வரிசையில் நின்ற பதினேழு பேரும் பார்த்தோம். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ரப்பர் கருகின வாசனை. முத்திரையம்மா மௌஸை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

முத்திரையம்மா அங்கே குமாஸ்தா. அலுவலகத்தின் ரப்பர் முத்திரையைச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பதால் அந்தப் பெயர்.

நான் வரிசையில் நின்றது என் தங்கை மகளுக்காக. நர்ஸ் படிப்பு முடித்தவள், இருபத்துநாலு வயது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஆண்டை மாற்றி அடித்து வைத்திருந்தார்கள். அதன்படி அவளுக்கு வயது ஒன்பது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்தின சான்றிதழோடு வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஊசி போடுவோம், ஊசி போடுகிற வேலை கொடுக்க மாட்டோம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாலு மாதம் நடையாய் நடந்து திருத்தத்துக்கு உத்தரவு வாங்கியாயிற்று. சான்றிதழ் கம்ப்யூட்டருக்குள் தயாராக இருந்தது. அச்சடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது அது உயிரை விட்டது.

புதன்கிழமை திருப்புளி வந்தார். அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். மூடியைக் கழற்றி மோந்து பார்த்து, மதர்போர்டு போய்விட்டது என்றார். மத்தியானத்துக்குள் வேறு ஒன்றை மாட்டினார். கோப்புகள் எல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றும் சொன்னார். பட்டனை அமுக்கியதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. வன்பொருள் மாறியிருக்கிறதாம், முன்பு பதிவு செய்யப்பட்ட கம்ப்யூட்டர் இது அல்லவாம்.

"இது எப்பவும் கேக்கறதுதான் சார்," என்றார் திருப்புளி. "போர்டு மாறினா ஆளே மாறிட்ட மாதிரி நினைச்சுக்கும். ஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டுடறேன், ஒரு மணி நேர வேலை. உங்க கோப்பு இருக்கிற பக்கத்தைத் தொடவே மாட்டேன். சாயங்காலம் நீங்க பிரிண்ட் எடுத்துக்கலாம்."

பதிவாளர் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை இரண்டு முறை படித்தார்.

"அப்ப இது பழைய மெஷின் இல்ல."

"பெட்டி அதே பெட்டி சார். டிஸ்க் அதே டிஸ்க்."

"நான் அது இல்லைன்னு அதுவே சொல்லுது. ஆமா நீ அதுதான்னு நான் எப்படி எழுத முடியும்?"

அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை பிறந்தது. பொருள்: மறைந்த கம்ப்யூட்டர் தொடர்பாக. பழைய இயந்திரம் இவ்வலுவலக எல்லைக்குள் இறந்திருப்பதால் அதன் இறப்பு இவ்வலுவலகத்திலேயே பதிவு செய்யப்பட வேண்டும். புதிய இயந்திரத்தில் இயங்குதளம் நிறுவப்படலாம், ஏனெனில் பிறந்ததற்கு மூச்சு வேண்டும். கோப்புகளோ மறைந்தவரின் உடைமைகள். வாரிசு யார் என்று தீர்மானமாகும்வரை எவரும் அவற்றைத் திறக்கலாகாது.

முத்திரையம்மா இறப்புப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். இறப்புக்குக் காரணம், மின்னதிர்ச்சி. மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் திருப்புளியைப் போடச் சொன்னார்கள். மணமானவரா என்ற கட்டத்தில் பிரிண்டரைக் குறிப்பிடலாமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. சட்டப்படி வாரிசாக பிரிண்டர் வந்தால் கோப்புகளை அதுவே அச்சடித்துவிடுமே என்று எனக்கு ஒரு நப்பாசை. அது பக்கத்து அறையில், வேறொரு அலுவலகத்துக் கம்ப்யூட்டரோடும் இணைப்பில் இருந்தது தெரியவந்து, பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் வியாழக்கிழமை தங்கை மகளும் என்னோடு வந்தாள். கோப்பைத் திறக்க வேண்டாம் சார், காப்பு நகலில் இருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். அதைக் கேட்டதும் பதிவாளர் முகம் மலர்ந்தது.

அந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக் காப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெள்ளியும் மாலை நாலே முக்காலுக்கு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்து, துணி உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரும்பு பீரோவில் பூட்டுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு தலைமைக் குமாஸ்தா தொடங்கி வைத்தது. கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

பீரோவில் ஐந்நூற்று எழுபது உறைகள் இருந்தன. கடைசி உறையை உடைத்து, திருப்புளி கொண்டுவந்த மடிக்கணினியில் செருகினார்கள். உள்ளே மஞ்சள் நிற உறை போல ஒரே ஒரு படம், மூலையில் வளைந்த ஓர் அம்புக்குறி. திறந்தால் திறக்கவில்லை. அதற்கு முந்தின உறையிலும் அதே படம். நாற்பதாவது உறையோடு முத்திரையம்மாவின் கை நின்றுவிட்டது.

"இது ஷார்ட்கட் சார்," என்றார் திருப்புளி. "கோப்பு இல்ல. கோப்பு எங்க இருக்குன்னு காட்டற படம். வீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னா, வீட்டு விலாசத்தை எழுதிப் பூட்டி வச்சிருக்கீங்க. பதினோரு வருஷமா."

முத்திரையம்மா ஏனோ என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பாராட்டுக் கடிதத்தைப் படிப்பதுபோல இருந்துவிட்டேன்.

தங்கை மகள்தான் பேசினாள். "சார், போன வருஷம் ஆறாம் வார்டில படுத்திருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நான் அப்ப அங்க பயிற்சிக்கு வந்திருந்தேன். உங்களுக்கு இதய வால்வு மாத்தினாங்க."

"ஆமாம்மா. நீதான் தண்ணி கொடுத்தே."

"முக்கியமான பாகம் ஒண்ணு மாறிடுச்சு. அப்ப நீங்க பழைய ஆளா, புது ஆளா?"

திருப்புளி இருமினார். மனிதர் சிரித்துவிட்டு உத்தரவை வாபஸ் வாங்கிவிடுவார் என்று நான் நினைத்தேன். சாதாரண மனிதர்களோடு பழகினவனுக்கு வருகிற நினைப்பு. பதிவாளர் மூடியைத் திருகிப் பேனாவைத் திறந்தார்.

"நல்ல கேள்வி," என்றார். "நான் யோசிக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தற்போதைய பதிவாளரும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதிவாளரும் ஒரே நபர்தானா என்பது குறித்து மேலிடத்திடம் தெளிவுரை கோரப்பட்டுள்ளது. அது வரும்வரை எவ்விதக் கையெழுத்தும் இடப்படமாட்டாது. உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. அவர் வெளியே, பொதுமக்கள் உட்காருகிற பெஞ்சில், எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். சந்தேகத்துக்குரிய ஆள் அரசாங்க நாற்காலியில் உட்காரக்கூடாதாம்.

இயங்குதளத்தைப் போட்டு முடித்திருந்த திருப்புளிக்கு அன்று கொஞ்சம் ஞானம் பிறந்தது. கோப்புகளைத் திறக்கத் தடை போட்டது யார், இவர். இவர் இவர்தானா என்று இவருக்கே சந்தேகம். அப்படியானால் அந்தத் தடையும் சந்தேகம்தானே என்று முத்திரையம்மாவிடம் கேட்டார். முத்திரையம்மா பெஞ்சைப் பார்த்தார். வாதத்தில் குறை தெரியவில்லை என்று பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

கோப்பைத் திறந்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தது. பக்கத்து அறை பிரிண்டர் முனகிக்கொண்டே என் தங்கை மகளின் சரியான பிறந்த ஆண்டைத் துப்பியது. மணி மூன்று இருபது.

"கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார்."

"நான் எப்படிம்மா போடறது? போட்டது யாருன்னு நாளைக்குக் கேப்பாங்க. என்ன பதில் சொல்ல?"

அவள் அழுவாள் என்று பயந்தேன். பையில் சீருடையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை நேரத்துக்குப் போடறீங்களா சார்?"

"போடறேம்மா," என்றார். சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். இருபது வருடப் பழக்கம், கண் சும்மா இருக்காது. அடியில் அச்சாகியிருந்த தேதியில் விரலை வைத்தார். பத்து வருடத்துக்கு முந்தின ஜனவரி முதல் தேதி.

திருப்புளி நாக்கைக் கடித்துக்கொண்டார். "போர்டு மாத்தினா கடிகாரம் பின்னால போயிடும் சார். சரி பண்ண மறந்துட்டேன். ரெண்டு நிமிஷம்."

"தொடாதே," என்றார் பதிவாளர். எழுந்து நின்றார். "இந்தத் தேதியில எனக்கு ஆபரேஷன் ஆச்சா?"

"ஆகல சார்," என்றாள் தங்கை மகள், மூச்சு விடாமல்.

"இந்த நாற்காலியில இருந்தேனா?"

"வந்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு சார்," என்றார் முத்திரையம்மா.

அவர் உள்ளே போனார், நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார், கையெழுத்துப் போட்டார்.

நாலு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கிருந்த குமாஸ்தா தேதியைப் பார்த்துத் தலையாட்டினார். "பத்து வருஷத்துக்கு முந்தினதா? அதான் சுத்தமா இருக்கு. இப்பக் கொடுக்கிறதை எவன் நம்புவான்?" பெயரைப் பேரேட்டில் ஏற்றிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

கடிகாரத்தைச் சரிசெய்தால் தாம் மறுபடி சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுவோம் என்பதால் பதிவாளர் அதைத் தொடவே விடவில்லை. அலுவலகம் பத்து வருடம் பின்னாலேயே குடியேறிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைகள் இன்னும் பிறக்காததால் பள்ளிக்கூடம் சேர முடியவில்லை. போன வருடம் அடக்கம் செய்யப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போன பிள்ளைகளிடம், இப்படி அவசரப்படலாமா என்று முத்திரையம்மா கண்டித்தார். யாராவது சண்டை போட்டார்களா? கல்யாண வயது தாண்டினவர்களும் ஓய்வு நெருங்கினவர்களும் வாசலில் வரிசை கட்டினார்கள். பத்து வயது குறைந்தால் யாருக்குக் கசக்கும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நின்றேன்.

என் முறை வந்ததும் முத்திரையம்மா சான்றிதழைத் தரவில்லை, ஒரு கடிதத்தைத் தந்தார். தாங்கள் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கையில், ஜனவரி முதல் தேதியிலிருந்து முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது ஏன் என்று கேட்டிருந்தார்கள். மேலே, எட்டு வருடத்துக்கு முன்னால் இதே அலுவலகத்தில் நான் ஓய்வுபெற்ற பதவி: தலைமைக் குமாஸ்தா.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. திருப்புளி சொல்லிக் கொடுத்தபடி முழுக் கோப்புகளையும் பென் டிரைவில் நகலெடுக்கப் போட்டேன். இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றது திரை. மணி நாலே முக்கால். சாட்சிகள் இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். முத்திரையம்மா அரக்கை உருக்கிவிட்டார், அது ஆறிக்கொண்டிருந்தது.

நகலை நிறுத்தினேன். வளைந்த அம்புக்குறி போட்ட அந்தப் படத்தைத் தேடி எடுத்து இழுத்துப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.