தைத்தவர் பசியாறினாரா?

துணியை நம்பாத மனுஷி என்று உலகத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது எங்கள் தீப்பெட்டி அக்காதான். புருஷனைச் சந்தேகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்காரரைச் சந்தேகப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பனியனைச் சந்தேகப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

எண்பதுகளில், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அக்காவும் நானும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தோம். அம்மாக்கள் விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. உத்திரத்திலிருந்து பழைய பருத்திச் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பிள்ளைகள் எல்லாம் தூங்கிய பிறகு, ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் தொட்டில்கள் தாமாகவே ஆடும். கொட்டகையே எங்கோ மெதுவாக மிதந்து போவது போலிருக்கும். எனக்கும் கண் சொக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத் தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்கும்.

கண்ணைத் திறந்தால், அக்கா ஏதோ ஒரு பிள்ளையின் சட்டை மடிப்பிலிருந்து நூலை உருவி, வாசலில் நின்று கொளுத்திக்கொண்டிருப்பாள். காகிதம் எரிகிற வாசம் வந்து மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகி, மிளகு மாதிரி கறுப்பாக உருண்டால் நைலான் வகையறா. அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையை எடுக்க வரும் தாய்க்கு அர்ச்சனை நிச்சயம்.

"இந்த வெயில்ல பிள்ளைக்கு பிளாஸ்டிக் வாளியவா மாட்டி விடுவ? முதுகெல்லாம் வேர்க்குரு பாருலா!"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கொடியில் காய்ந்த துணிகள் எல்லாமே ஓரம் பிரிந்துதான் கிடந்தன. ஒருநாள் எங்களை வேலை வாங்கும் மண்டோரின் கையிலியிலிருந்தும் நூல் உருவிவிட்டாள். அவர் அப்போது அதைக் கட்டியிருந்தார்.

நூல் தேறிவிட்டாலும் அக்கா விடமாட்டாள். "தெச்சவங்க பசியாறினாங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் பக்கம் 'சாப்பிட்டாயா' என்பதை அப்படித்தான் கேட்போம். ஆளைப் பார்த்துக் கேட்போம், சட்டையைப் பார்த்துக் கேட்கமாட்டோம். அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தங்கை கிள்ளான் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு ஓவர்டைம் தைத்து, ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு தங்கை வீடு திரும்பிய பிறகு, எந்தச் சட்டையைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒருத்தி பசியோடு குனிந்திருப்பதாக அக்காவுக்குத் தோன்றும். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

இப்படிப்பட்டவளைப் பெண் பார்க்க, செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டும் ஒருவர் தன் தாயாரோடு வந்தார். முப்பதைத் தாண்டிய மகளுக்கு வந்த வரன் என்று அக்காவின் அம்மா எல்லாச் சாமிக்கும் கற்பூரம் காட்டியிருந்தாள். லோரிக்காரர் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தார். அந்தப் பளபளப்பில் எனக்கே கண் கூசியது. அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். கொடுத்த கையோடு அவர் சட்டைக் கை மடிப்பிலிருந்து நூலை இழுத்து, சபையில் வைத்தே கொளுத்தினாள். மிளகு உருண்டது.

"அத்தே, ஒங்க மகன் நல்லவராத்தான் தெரியறாரு. சட்டதான் சரியில்ல."

அக்காவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். லோரிக்காரர் கோபப்படவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "மாத்திட்டு வந்தா பரவாயில்லங்களா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றாள் அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பிடிச்சிருந்தா சரின்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

"தன் ஒடம்புல என்னா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கேக்காதவரு, எனக்கு ஒண்ணுன்னா மட்டும் கேப்பாராடி?"

அடுத்த முறை அவர் கொண்டுவந்த சட்டை பாதி சாம்பலாகி, பாதி உருண்டது. அதற்கடுத்தது முழுசாகச் சாம்பலானது. லோரிக்காரர் முகத்தில் தீபாவளி. உடனே அக்கா பசியாறும் கேள்வியைப் போட்டாள். பாவம், அவர் சட்டை வாங்கிய கோலசிலாங்கூர் பாசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைக்கே, திரும்பிப் போய்க் கடைக்காரரிடமே கேட்டிருக்கிறார். "நீ சட்டை வாங்க வந்தியா, விருந்து வைக்க வந்தியா?" என்று விரட்டிவிட்டாராம்.

அதன் பிறகு ஆளைக் காணோம். செகிஞ்சானில் அறுவடைக் காலம், லோரிக்கு ஓய்வில்லை என்றார்கள். வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார் என்றும் சொன்னார்கள்.  அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். பனி விலகாத செம்மண் சாலையில் லோரிச் சத்தம் கேட்டால் மட்டும் தொட்டில் நின்றுவிடும். அந்த நாட்களில் அவள் தீக்குச்சி கிழிக்கவே இல்லை. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து இறங்கினார். லயமே வாசலுக்கு ஓடியது. அவர் போட்டிருந்தது சட்டைதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. சட்டைப் பை நெஞ்சை விட்டு அக்குளுக்குக் குடிபோயிருந்தது. முதுகில் நீல எழுத்தில் கோதுமை மாவின் எடை அப்படியே தெரிந்தது. ரொட்டிக் கடையில் மாவு வந்த பருத்திச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, வெளுத்து, வெட்டியிருக்கிறார்.

அக்கா தீப்பெட்டியை எடுத்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவளோ அவர் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். தீப்பெட்டி மறுபடி இடுப்புக்குப் போனது.

"தெச்சது யாரு?"

"நாந்தாங்க."

"பசியாறினீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லிங்க. நேத்தெல்லாம் இந்தக் காலரோட மல்லுக்கட்டினேன். காலைல பயத்துல ஒண்ணும் எறங்கல."

"அப்ப இந்தச் சட்டயும் ஆகாது" என்றாள் அக்கா.

 அவர் தலையைக் குனிந்தபடி மெதுவாகத் திரும்பினார். மாவின் எடை எங்களைப் பார்த்தது.

"எங்க போறீங்க? உள்ள வந்து உக்காருங்க. மொதல்ல சாப்புடுங்க."

சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள். அவர் மறுசோறு வாங்கி, கை கழுவி, துடைத்து நிமிரும் வரை காத்திருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இப்ப ஆகும்" என்றாள்.

நான் இப்போது புஞ்சாக் ஆலாமில் இருக்கிறேன். கடையில் ஒரு வெள்ளைப் பனியனைக் கையில் எடுத்தாலும், தைத்த பிள்ளை பசியாறியதா என்று வாய் தானாக முணுமுணுக்கிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம் அக்கா. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் உன்னைத்தான் தேடுகிறேன்.