ஹவ்வா உம்மா சொன்ன ஓம்

மருதமுறிப்புக் குடிநீர்த் திட்டம் கடந்த ஆனி மாதம் இரண்டு நாடுகளின் அமைச்சர்களால் வெகு விமரிசையாகத் திறந்துவைக்கப்பட்டது என்பதையும், அன்றைய தினம் குழாயில் தண்ணீரும் வந்தது என்பதையும் முதலில் பதிவுசெய்துகொள்கிறேன். பிறகு என்னை யாரும் பக்கச்சார்பானவன் என்று சொல்லக் கூடாது.

என் பெயர் விஜிதரன். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோப் பிரதி எடுப்பதும் போனுக்கு ரீலோட் போடுவதும் தொழில். மிச்ச நேரத்தில் நான் நிருபர். ஒரு ஊடகத்துக்கு அல்ல, மூன்றுக்கு. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தலைநகரில் இருக்கும் ஒரு தொலைக்காட்சிக்கு நான் 'களத்தில் நமது பிரதிநிதி'. கொழும்பில் அச்சாகும் ஒரு தினசரிக்கு 'விசேட நிருபர்'. லண்டனிலிருந்து ஓடும் ஒரு யூடியூப் சனலுக்கு, 'பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயர் குறிப்பிடப்படாத எமது செய்தியாளர்'. என் கடை வாசலில் என் பெயர்ப் பலகை நாலடி நீளம். அதில் போன் நம்பரும் இருக்கிறது.

மருதமுறிப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் பாதி. மலையகத்திலிருந்து எழுபதுகளில் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பாதி. இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரியான கிணற்றுத் தண்ணீர்தான். காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல்லுப் படியும். ஹவ்வா உம்மாவின் மகள் ஸாஜிதாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது என்று டொக்டர் அவளுடைய கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் வருகிற தண்ணீர் பவுசர் லொறியை நம்பித்தான் அந்த வீடு இருந்தது.

திறப்பு விழாவன்று விடியவே பவுசர் வந்து, உயரத்தில் கட்டிய புதுத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போனதை ஊரே பார்த்தது. விழா என்றால் அப்படித்தான் என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழாய் தந்தது அயல் நாடு. நாடா தந்தது நம் நாடு. கத்தரிக்கோலை இரண்டு அமைச்சர்களும் சேர்ந்து பிடித்தார்கள், ஒருவர் விட்டால் மற்றவர் வெட்டிவிடுவார் என்கிற கவனத்தோடு.

அயல்நாட்டு அமைச்சரின் கையில் ஒரு சின்ன அட்டை. அதில் அவருடைய எழுத்தில் ஒரு தமிழ் வாக்கியம். குழாயடியில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஹவ்வா உம்மாவை நோக்கி அதை வாசித்தார்.

"அம்மா, தண்ணீர் வருகிறதா?"

"ஓம்," என்றார் ஹவ்வா உம்மா. "மாரியில வீட்டுக்குள்ள வருது. கோடையிலதான் ஒண்டுமில்ல. இண்டைக்கு இதில வாறது பவுசர்த் தண்ணி."

ஓம் என்றதுமே கைதட்டல் தொடங்கிவிட்டது. கைதட்டலோடு மேளமும் தொடங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்டவர்கள் பக்கத்தில் நின்ற ஸாஜிதாவும் நானும்தான். என் போனும் கேட்டது. பத்தொன்பது செக்கன் வீடியோ. மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். மூன்று இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது: 'நல்லது. முதல் ஒரு செக்கன் போதும்.'

எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் ஆமாம். பஸ் போயிட்டுதோ என்றால் ஓம். சாப்பிட்டாச்சோ என்றால் ஓம். இது எங்களுக்குத் தெரியும், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தலைநகரில் இருக்கிற தொலைக்காட்சிக்குத் தெரியாது. அன்று மாலையே சிவப்புப் பட்டியில் செய்தி ஓடியது: 'எங்கள் தலைவரைக் கண்டு மெய்மறந்து பிரணவ மந்திரம் உச்சரித்த மூதாட்டி!' ஒரு மணி நேர விவாதம் நடந்தது. அதில் ஒரு பெரியவர், உம்மா அந்த மகாரத்தை இழுத்த முறையை மட்டும் வைத்து நாற்பது நிமிடம் பேசினார். உம்மா இழுத்தது வெற்றிலை வாயில் இருந்தபடியால்.

கொழும்புத் தினசரி, முழு வடக்கும் ஒரே குரலில் நம் அமைச்சரை ஆமோதித்தது என்று எழுதியது. படத்தில் நம் அமைச்சரும் உம்மாவும் மட்டுமே நின்றார்கள். அயல்நாட்டு அமைச்சரைக் கவனமாக வெட்டியிருந்தார்கள், ஆனால் அவருடைய இரண்டு விரல்கள் குழாயின் மேல் மிஞ்சிவிட்டன.

லண்டன் சனல் இரண்டு தலைவர்களையும் வெட்டிவிட்டு உம்மாவின் முதுகுப் பக்கத்தைப் பெரிதாக்கியது. அங்கே கறுப்பாக, நீளமாக ஒன்று. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'துவக்கு முனையில் சொல்லவைக்கப்பட்ட ஓம்!' அது பக்கத்து வீட்டுத் தங்கராசாவின் குடை. வெயிலுக்குக் கொண்டுவந்தவர், அமைச்சர்கள் முன்னால் விரித்தால் மரியாதை இல்லை என்று மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையிலேயே பள்ளிவாசல் செயலாளர் நவ்பர் உம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாமி, டீவியில நீங்க மந்திரம் ஓதினீங்களாம்?"

"ஓதேல்ல. ஓம் எண்டு சொன்னனான்."

"ஓம் எண்டு சொன்னீங்களோ?"

"ஓம்."

"பாருங்கோ, திரும்பவும் சொல்றீங்க!"

"மகன், நீ சுபஹு தொழுதிட்டோ வாறாய்?"

"ஓம்," என்ற நவ்பர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிர்வாக சபை அன்று பின்னேரமே கூடி, இனிமேல் கேமரா உள்ள இடங்களில் 'ஆமாம்' என்று சொல்வதென்று தீர்மானித்தது. தீர்மானத்துக்குச் சம்மதமோ என்று தலைவர் கேட்டார். சபையோர் ஏகமனதாக ஓம் என்றார்கள்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பவுசர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை ஹவ்வா உம்மா ஒரு வெறும் வாளியோடு பஸ் ஏறி, பவுசர் அனுப்புகிற அலுவலகத்துக்குப் போனார். நான் பிரதி எடுத்த கடதாசிகளைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். ஆகவே பின்வருவது நேரில் கண்டது.

நீர் விநியோக இணைப்பு உத்தியோகத்தராகிய சுமித்திரா ஒரு தடித்த கோவையைத் திறந்தார்.

"தண்ணி வாற கிராமத்துக்குப் பவுசர் அனுப்பச் சட்டத்தில இடமில்லை, அம்மா."

"தண்ணி வாறேல்லையே பிள்ளை."

"இது கொழும்புப் பேப்பர். இது அங்கத்தைய டீவி. இது லண்டன். மூண்டும் ஒண்டையொண்டு நம்பாத ஆக்கள். ஆனா மூண்டும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம், நீங்கள் ஓம் எண்டு சொன்னது. இதைவிடப் பெரிய ஆதாரம் எங்க எடுக்கிறது?"

"இந்தா, வாளியைப் பாருங்கோ. காஞ்சு கிடக்கு."

சுமித்திரா எட்டிப் பார்த்தார். "வெறும் வாளி ஆதாரமாகாது. தண்ணி வராட்டியும் வாளி இப்பிடித்தான் இருக்கும், ஆள் போய்ப் பிடிக்காட்டியும் இப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப ஒருக்கா வந்து பைப்பைத் திறந்து பாருங்கோவன்."

"கள விஜயத்துக்கு முறைப்பாடு வேணும். முறைப்பாட்டோட, தண்ணி வாறேல்ல எண்டு உறுதிப்படுத்தின கடிதம் வேணும். அந்தக் கடிதம் கள விஜயத்துக்குப் பிறகுதான் நாங்கள் குடுக்கிறது." குரலைத் தாழ்த்தினார். "செய்தி மாறினா எனக்குக் கோவையை மாத்தலாம் அம்மா. பேப்பரில போடப் பண்ணுங்கோ."

அவர் பொல்லாதவர் இல்லை. உம்மா எழும்பியபோது மேசையில் இருந்த தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து, "மகளுக்குக் குடுங்கோ" என்று வாளிக்குள் வைத்துவிட்டார். கோவையில் அது பதியப்படவில்லை.

உம்மா நேரே என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீ பக்கத்தில நிண்டனீ. மிச்சத்தையும் கேட்டனீ. அந்த மிச்சத்தைப் போடு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையாகவே வெட்கம். அன்றிரவுக்குள் பத்தொன்பது செக்கனையும் மூன்று இடத்துக்கும் மறுபடியும் அனுப்பி, ஒரு எழுத்தையும் வெட்டாதீர்கள் என்று கேட்டேன். அவர்கள் நல்ல மனிதர்கள். இந்த முறை முதல் செக்கனை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டார்கள்.

'எங்கள் தலைவர் கொடுத்த தண்ணீரைத் திருடியது யார்?' என்று கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. 'ஓட்டைக் குழாயைத் தலையில் கட்டிய அயல்நாடு' என்று கொழும்பு எழுதியது. லண்டன், இரண்டு தலைவர்களும் கைகுலுக்கியபோது உள்ளங்கைக்குள் என்ன இருந்தது என்று ஒரு நிபுணரைக் கேட்டது. தண்ணீர் வரவில்லை என்பது எல்லோருடைய செய்தியிலும் இருந்தது. தண்ணீர் விட வேண்டும் என்பது ஒருவருடைய செய்தியிலும் இல்லை. மூன்றும் மூன்று காரணம் சொன்னபடியால், ஒத்துவராத செய்தியை வைத்துக் கோவையை மாற்ற முடியாது என்று சுமித்திரா சொல்லிவிட்டார்.

அந்தச் செய்திகள் போன் வழியாக ஊருக்குள்ளும் வந்தன. தங்கராசா அயல்நாட்டு அமைச்சரின் பக்கம், ஏனென்றால் அவருடைய தாத்தா அந்த நாட்டில் பிறந்தவர். நவ்பர் நம் நாட்டு அமைச்சரின் பக்கம், ஏனென்றால் அந்த மனிதர் ஒருமுறை யாரும் சொல்லாமலே பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றினார். இருவரும் காய்ந்த குழாயடியில் நின்று தொண்டை வறள வறளச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களெண்டா, ஆராவது ஒருத்தர் எனக்கு ஒரு கான் தண்ணி கொண்டு வாங்கோ," என்றார் உம்மா. இருவருக்கும் கோபம். அவர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையாம்.

அந்த வாரம் ஸாஜிதா கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாள். வேறு வழியில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

இரு நாட்டு உறவு பாதிக்கப்படக் கூடாது என்ற உயரிய நோக்கோடு கூட்டு விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. ஏழு பேர், நாலு வாகனம், மூன்று ஊடகங்களின் கேமராக்கள். நீண்ட பதில்களால்தான் குழப்பம் என்று கண்டறிந்த குழு, சாட்சி ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும் என்று விதித்தது. ஆம் அல்லது இல்லை. சர்ச்சைக்குரிய சொல் தடைசெய்யப்பட்டது.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மருதமுறிப்பில் தண்ணீர் வருகிறதா?"

"இல்லை," என்றார் ஹவ்வா உம்மா. சொன்னதோடு நிற்காமல், எல்லோரும் பார்க்கட்டும் என்று குழாயை முழுதாகத் திருகித் திறந்துவிட்டார்.

தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தலைவரின் சப்பாத்தை நனைத்தது.

குழு வருகிறதென்று விடியவே பவுசர் வந்து தாங்கியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. முதல் நாள் ஸாஜிதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, காலைப் பஸ்ஸில் அவளோடு திரும்பிய உம்மா அதைக் காணவில்லை. பார்த்த நாற்பத்தொரு வீட்டாரும், அவருக்கும் தெரியும்தானே என்று சும்மா இருந்துவிட்டார்கள். கேமராக்கள் உம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போயின. பொய் சொல்லி அகப்பட்ட ஒரு கிழவியின் முகம் எப்படி இருக்கும் என்று மூன்று நாடுகளுக்கும் காட்ட வேண்டியிருந்தது. அழப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஹவ்வா உம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டினார். "எடியே ஸாஜிதா, கானைக் கொண்டு ஓடிவா!" என்று கத்தினார்.

நாற்பத்திரண்டு வீடும் வாளியோடு ஓடிவந்தது. தங்கராசாவின் பானையும் நவ்பரின் பானையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிரம்பின. திட்டத்தின் மீது மக்கள் கொண்டுள்ள பேரார்வத்தை நேரில் கண்டதாகக் குழு தன் அறிக்கையில் எழுதியது. தாங்கி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வற்றியது. அதற்கு முன்பே குழு போய்விட்டது.

மறுநாள் உம்மா கடைக்கு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"தம்பி, நேற்று ஏன் தண்ணி வந்தது?"

"விசாரணைக்கு ஆக்கள் வந்தபடியால்."

"அவை ஏன் வந்தவை?"

"தலைவர்மாரைப் பற்றி மூண்டு பக்கமும் சண்டை வந்தபடியால்."

"சண்டை ஏன் வந்தது?"

நான் என் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னொண்டு எழுது," என்றார் உம்மா.

அன்று முதல் எழுதிவருகிறேன். தங்கராசாவும் நவ்பரும் இப்போது நல்ல சிநேகிதர்கள்; யார் எந்தத் தலைவரை எப்போது ஏசுவது என்று சேர்ந்திருந்துதான் பேசி முடிவெடுக்கிறார்கள். கேமராவைக் கண்டால் மாத்திரம் சண்டை. போன மாதம் ஒரு செய்தி வந்ததே, தண்ணீர்த் தாங்கிக்கு அடித்த நீலம் ஒரு தலைவரை அவமதிக்கும் நீலம் என்று? நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துக் கொதித்து, நாலு பேருக்கு அனுப்பி, கீழே ஒரு கருத்தும் எழுதி, அதனால் மச்சானோடு பேச்சையும் விட்டிருப்பீர்கள். மிக்க நன்றி. அதில் ஒரு தூதுக்குழு வந்தது. ஸாஜிதாவுக்கு ஆறு கான்.

போன கிழமை மூன்றாவதாக ஒரு நாட்டின் தலைவர் வந்தார். விடியவே பவுசர். மேளம். கையில் அட்டை. மொழிபெயர்ப்பாளர் உதவ, அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, தண்ணீர் வருகிறதா?"

"ஓம்," என்றார் ஹவ்வா உம்மா.

நான் போனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குக் காத்திருந்தேன். கைதட்டல் வந்தது, மேளம் வந்தது, மிச்சம் மட்டும் வரவில்லை. தலைவர் போன பிறகு வரிசையில் நின்ற உம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"மிச்சத்தைச் சொல்லேல்லையே உம்மா?"

அவர் கானைக் குழாய்க்கு நேரே வைத்தார். "நீங்கள் வெட்டுறனீங்கள்தானே தம்பி. நானே வெட்டிக் குடுத்திட்டன்."

அன்று நான் அனுப்பிய வீடியோ ஒரு செக்கன். மூன்று ஊடகங்களும் முதன்முறையாக அதை முழுமையாக, ஒன்றும் வெட்டாமல் வெளியிட்டன.