நின்றபடி ஒரு நாற்காலிக் கம்பெனி

மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் உட்காருவதுதான் என்ற பேருண்மையைக் கண்டறிந்த பெருமை, ஒரு நாற்காலிக் கம்பெனியையே சேரும்.

அதன் மேலாளர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த மறுநாளே, கூட்ட அறையிலிருந்த நாற்காலிகள் வெளியேற்றப்பட்டன. இனிக் கூட்டங்கள் எல்லாம் 'நின்றபடி' நடக்கும். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும் என்பது தத்துவம். கால் வலித்தது. பேச்சு குறையவில்லை.

இப்படிப்பட்ட பொற்காலத்தில்தான், இருக்கை மெத்தை தைக்கும் பிரிவின் தலைவிக்கு உட்கார வேண்டும் என்ற பிற்போக்கு ஆசை வந்தது. எல்லாரும் அவளை மெத்தை அக்கா என்பார்கள்.

அக்காவுக்கு வியாதி இரண்டு. ஒன்று மூட்டுத் தேய்மானம். "முழங்கால்ல பஞ்சு போயிடுச்சு, பலகையும் பலகையும் உரசுது" என்று தொழில் பாஷையிலேயே சொல்வாள். மற்றது முடக்குவாதம். வீட்டைக் காக்க வைத்த காவலாளி வீட்டுக்காரரையே போட்டு அடிப்பதுபோல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவள் மூட்டுகளைத் தாக்கிக்கொண்டிருந்தது. காலையில் விரல் மடங்காது. கணவர்தான் தலை பின்னிவிடுவார். பின்னல் தினமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

"இன்னைக்கு எந்த வலி?" என்பார்.

"ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்குங்க."

வாத டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "இது என்னோட வலி இல்லையேம்மா" என்று எலும்பு டாக்டரிடம் அனுப்புவார். எலும்பு டாக்டர் வீங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, மரியாதையோடு அவரிடமே திருப்பி அனுப்புவார். இருவருக்கும் இடையிலுள்ள மாடிப்படிகளை ஏறி இறங்குவது மட்டும் அக்காவின் பொறுப்பு.

கூட்டத்தில் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று அக்கா வாய் திறந்து கேட்டாள். உடனே நலவாழ்வுக் குழு கூடியது. நின்றபடிதான்.

"நாற்காலி எந்த வியாதிக்கும்மா?" என்று நலவாழ்வு அதிகாரி கனிவோடு கேட்டார்.

"முழங்காலுக்கு சார்."

"அப்ப தேய்மானம். அது மூத்தோர் சலுகையில வரும். உங்களுக்கு இன்னும் அந்த வயசாகலையே."

"சரி, முடக்குவாதம்னு வச்சுக்குங்க."

"அதுல நல்ல நாளும் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கு நாற்காலி சும்மா கிடக்குமே."

"மாடி பூரா நாற்காலியா அடுக்கி வச்சிருக்கீங்களே சார்!"

மேலாளர் பதறிப்போனார். "அதெல்லாம் விக்கிறதுக்கும்மா! உட்கார்ந்தா உறை கசங்கிடும். முதல்ல எந்த வியாதின்னு முடிவாகட்டும், அப்புறம் உட்காருங்க."

பிறகு, வலியோடு போராடும் வீராங்கனை என்று அக்காவைப் பாராட்டி எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் நின்றபடியே பாராட்டை ஏற்றுக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். வலி பழகிவிட்டது. வலிக்கிறது என்று நான்கு பேரிடம் நிரூபிக்க வேண்டியிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வியாதி முடிவாவதற்குள் புதிய நாற்காலி முடிவாகிவிட்டது. பெயர் 'ஆறுதல்'. மூட்டுவலிக்காரர்களுக்கென்றே பிரத்தியேகமாக வடிவமைக்கப்பட்டது. 'தரையோடு உறவாடும்' உயரம். 'சுதந்திர உணர்வு' தருவதற்காகக் கைப்பிடி கிடையாது. கம்பெனி வழக்கப்படி அதன்மேல் ஒரு மணல் மூட்டையை வைத்துச் சோதித்திருந்தார்கள். மூட்டை ஒரு குறையும் சொல்லவில்லை.

அறிமுகக் கூட்டத்தில் மேலாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். "வலியில வாடுறவங்க இதுல உட்கார்ந்தா எந்திரிக்கவே மனசு வராது" என்றபோது, அக்காவின் முழங்காலில் நெருப்பு பற்றிக்கொண்டது. அவள் நேரே போய், பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டு, 'ஆறுதலில்' உட்கார்ந்தாள்.

"ஐயையோ, உறை!" என்று அலறினார் மேலாளர். "எந்திரிங்கம்மா!"

அக்காவும் மரியாதைக்கு முயன்று பார்த்தாள். முழங்கால் இரண்டும் இடுப்புக்கு மேலே நின்றன. ஊன்றி எழுந்திருக்கப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மறுபடி முயன்றாள். வலியில் கண்ணில் நீர் வந்ததே தவிர, உடம்பு வரவில்லை.

"முடியல சார்."

நலவாழ்வு அதிகாரி கடமை தவறாதவர். கனிவோடு குனிந்தார். "எந்த வியாதியால முடியலன்னு சொல்லுங்கம்மா."

அக்கா அவரை விட்டுவிட்டு மேலாளரை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா எந்திரிச்சு வேலைக்கு வந்துட்டுதான் இருக்கேன் சார். இது மூணாவது. இங்கேயே தயாரிச்சது."