வாயடைத்த சப்-ஊஃபர்

ஒரே ஒரு ஆவடியில், ஒரே ஒரு குவார்ட்டர்ஸில், ஒரே ஒரு புருஷன் இருந்தான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு பெண்டாட்டியும் இருந்தாள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்ததுதான் அவன் செய்த பிசகு.

அந்தப் புருஷன் நான்தான். பெயர் பிரகாசம். டாங்கி ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை.

ஆசை என்னவென்றால், ஹோம் தியேட்டர். வி.சி.டி. வந்த புதுசு. கரையான்சாவடி சுலைமான் பாய் கடையில் சொல்லிச் செய்த செட். வசனத்துக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதிர்வுக்கு ஒரு பெரிய மரப்பெட்டி, முன்பக்கம் கறுப்புத் துணிச் சட்டத்தோடு. அதுதான் சப்-ஊஃபர். படத்தில் குதிரை ஓடினால் நம் வயிற்றுக்குள் ஓடும். வில்லன் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக் கஜபதி எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைத் திறப்பார்.

கஜபதி என் செக்‌ஷன்காரர். ஓய்வு நேரத்தில் மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர். "சுவத்துக்கு அந்தாண்ட இருந்து கேட்டா இடி மாதிரி கீது. உள்ள வந்து கேட்டா பாட்டு மாதிரி இருக்குமா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பக்கத்தில் ஃபோர்மேன் வேலுசாமி சார் வேறு நின்றிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் குடும்பத்தோடு வாங்க, உங்க நெஞ்செலும்பு தாளம் போடலைன்னா என் பேரை மாத்திக்கிறேன் என்றேன்.

இங்கே என் மனைவி ஜெயசீலியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ஒரு பெட்டைக்கோழி வளர்த்தாள். போன தடவை அடை வைத்த முட்டையில் ஒன்றுகூடக் குஞ்சாகவில்லை. எல்லாம் கூமுட்டை. இடி இடித்தால் அடைமுட்டை கலங்கிப்போகும் என்பது அவள் கட்சி. அதற்காகக் கூடையில் முட்டையோடு ஒரு இரும்புத் துண்டு போட்டு வைப்பார்கள். அவளும் போட்டுத்தான் வைத்திருந்தாள், ஒரு பழைய பூட்டு. "வானத்து இடின்னா பூட்டு தாங்கும். உங்க பொட்டியோட இடிக்கு எந்தப் பூட்டு தாங்கும்?" என்றாள்.

இந்தத் தடவை மறுபடியும் அடை வைத்து, குஞ்சு பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தபோது, அதுவரைக்கும் பெட்டியை மூடி வைக்கச் சொன்னாள். நான் அவளுக்கு விஞ்ஞானம் சொன்னேன். ஒலி என்பது அலை. ஓடு என்பது தடுப்பு. இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை. காபி ஆறிப்போகிற அளவுக்கு விளக்கினேன்.

அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள்.

கல்யாணமாகி அவள் என்னிடம் "சரி" என்று சொன்னது அது இரண்டாவது முறை. முதல் முறை மாதா கோயிலில், சாமியார் கேட்டதற்கு. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து படம் போட்டேன். வசனம் வந்தது. குதிரை ஓடியது. என் வயிறு மட்டும் சும்மா இருந்தது.

சப்-ஊஃபர் ஊமையாகிவிட்டது.

நான் பதறவில்லை. ஸ்டோர்ஸ்காரன் பதறமாட்டான். வயரைக் கழற்றி மாட்டினேன். சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாற்றிப் பார்த்தேன். ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. பெட்டிக்குப் போகிற வயரைச் சின்ன ஸ்பீக்கரில் கொடுத்தால் அது பாடியது. அப்படியானால் கோளாறு பெட்டியில்தான். கடைசியாக டார்ச் பேட்டரி வைத்தியம். பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு தொடு தொட்டால் 'டுப்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். தொட்டேன். காதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன்.

"கேக்குதா?" என்றாள் ஜெயசீலி. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு ஒத்தாசை.

"இல்ல. ஏதோ லேசா கொக்கொக்னு கேக்குது."

"அது நம்ம கோழிங்க. கொல்லைல."

துணிச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாமா என்று யோசித்தேன். "ஸ்குரூல கை வச்சா கேரண்டி போயிடும்னு பாய் சொன்னாரே, உங்க இஷ்டம்" என்றாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினேன். நல்ல கனம். கனத்திலேயே தரம் தெரிகிறது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் போட்டார். அவ்வப்போது உள்ளே ஏதோ 'டங்' என்றது. பெரிய மேக்னெட் சார், ரோடு சரியில்லை என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாகக் காலை நகர்த்திக்கொண்டார்.

சுலைமான் பாய் கடையில் கூட்டம். எல்லாரும் பார்க்க, துணிச் சட்டத்தை எடுத்தார். எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்துவிட்டு, கையை விட்டு என் பழைய லுங்கியை எடுத்தார். லுங்கியைப் பிரித்தார். அதற்குள் எங்கள் வீட்டு அம்மிக்குழவி.

"இன்னா மாமே," என்றார் சுலைமான் பாய் நிதானமாக, "நான் ஸ்பீக்கர் வச்சிக் குட்த்தேன். நீ சட்னி அரைச்சிகினு கீறியா?"

கூட்டத்தில் ஒருவர், கல் எத்தனை வாட்ஸ் என்று விசாரித்தார்.

மறுபடி பஸ் ஏறினேன். குழவியை அங்கேயே விட்டுவர முடியாது. அது அவள் அம்மா கொடுத்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். "சீலி, என் ஸ்பீக்கர் எங்க?"

"கொல்லைல பத்திரமா கீது. போய்ப் பாருங்க. கிட்டப் போவாதீங்க, கொத்தும்."

போய்ப் பார்த்தேன். கூடைக்குள் என் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அண்ணாந்து படுத்திருந்தது. அதன் குழிக்குள் வைக்கோல். வைக்கோலில் முட்டை. முட்டைமேல் கோழி. அது ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. அச்சு அசல் ஜெயசீலியின் பார்வை.

"வட்டமா, குழியா, கோழிக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சுங்க," என்றாள் பின்னால் நின்று. "அடியில மேக்னெட்டு. வீட்லயே பெரிய இரும்பு அதுதான். இடிக்கு இடியும் போச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு."

அவள் அப்பா அதே ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். பெண்ணுக்கு நகை கொஞ்சமாகத்தான் போட்டார். ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே அனுப்பியிருக்கிறார்.

"நாளைக்கு ஃபோர்மேன் வர்றார். என் மானம் போயிடும்."

"எழுப்பி எடுத்துக்கோங்க. நான் தடுக்கலையே."

நான் கையை நீட்டினேன். கோழி கொத்தியது. கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலுசாமி சாரும் அவர் மனைவி வசந்தாவும், கஜபதியும் அவர் மனைவி கஸ்தூரியும் வந்தார்கள். எல்லாரும் நெஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலிப் பெட்டிக்குத் துணியை மாட்டி நிறுத்தியிருந்தேன். படம் ஓடியது. குதிரை ஓடியது, பூனை நடக்கிற மாதிரி.

"பேரை இன்னான்னு மாத்திக்கப்போற?" என்றார் கஜபதி.

கரண்ட் கம்மி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கொல்லையிலிருந்து கீச் கீச் என்று ஒரு சத்தம் வந்தது. ஜெயசீலி எழுந்து ஓடினாள். பெண்கள் பின்னாலேயே போனார்கள். ஃபோர்மேனும் போனார். நானும் கஜபதியும் படத்தை ஓடவிட்டுவிட்டு எழுந்து போனோம்.

என் ஸ்பீக்கர் நிறையக் குஞ்சு. ஒரு முட்டைகூட வீணாகவில்லை.

வேலுசாமி சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் வீட்டிலும் கோழி உண்டு. "அத்தனையும் பொரிச்சிருக்கேம்மா. இது என்ன கூடை?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மானம் இப்போது அவள் வாயில் இருந்தது.

"அவரோட யோசனைதான் சார்," என்றாள் ஜெயசீலி. "பாட்டு போனாலும் பரவால்ல, கோழி நல்லா இருக்கட்டும்னு கழட்டிக் குடுத்துட்டார்."

ஃபோர்மேன் என் தோளில் தட்டினார். ஸ்டோர்ஸில் இப்படி மூளைக்காரன் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்றார். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். ஜெயசீலி என்னைப் பார்த்தாள். நான் "ஆமாம் சார்" என்றேன்.

அந்த ஆமாமோடு முடிந்தது கதை. ஸ்பீக்கரை இனி எப்படித் திருப்பிக் கேட்பது? வசந்தாம்மாவின் கோழி இன்னும் கொஞ்ச நாளில் அடைக்கு உட்காருமாம், அதற்கு வேண்டும் என்றார். ஃபோர்மேன் வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அதுவரை கஸ்தூரி எடுத்துப்போகட்டும், அவள் கோழி இன்றைக்கே தயார் என்று பெண்களுக்குள் தீர்மானமாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை.

ஃபோர்மேன் குடும்பம் கிளம்பியது. கஜபதி தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஜெயசீலி கோழியையும் குஞ்சுகளையும் வேறு கூடைக்கு மாற்றிவிட்டு, ஸ்பீக்கரைத் துடைத்துக் கொடுத்தாள். கஸ்தூரி அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் வாசல்படி இறங்கி, ஒரு நிமிஷம் நின்று திரும்பினாள்.

"அண்ணே, சின்னது ரெண்டையும் யாருக்கும் குடுத்துடாதீங்க. எங்க ஊட்டுக்காரர் புறாவுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.