கிளிப்பச்சைச் சட்டையில் சிங்கப்பூர்

குடும்பத்தோடு வெளியூர் போகும்போது, தொலைந்து போகிறவர்களால் பெரிய தொல்லை ஒன்றும் வருவதில்லை. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று முன்னேற்பாடு செய்கிறவர்களால்தான் வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி எனக்கு.

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்த அன்றே முடிவு செய்துவிட்டேன். தீம் பார்க்குக்குப் போகிற நாளில் என் கணவர் சுரேஷ், மகள் மீனு, மாமனார் ராமநாதன், நான் எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். எந்தக் கூட்டத்திலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகக் கிளிப்பச்சை. எங்கள் ஊரான கொச்சியில், பள்ளுருத்தியில் பிரிண்ட் போடுகிற கடைக்காரர், "சேச்சி, இந்தக் கலர்தன்னே வேணோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். (அந்த மனுஷனுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.) முதுகில் பெரிய ஆங்கில எழுத்தில் 'டீம்' என்று போடச் சொன்னேன். அதற்குக் கீழே சின்னதாக 'ராமநாதன்'.

பார்க் வாசலைத் தாண்டியதுமே ஒரு வெள்ளைக்காரர் நேராக சுரேஷிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். சுரேஷ் அப்போதுதான் போய்விட்டு வந்திருந்ததால் அழகாக வழி சொன்னார். அடுத்து ஒரு அம்மாள் என்னிடம் காலி ஜூஸ் டம்ளரை நீட்டினாள். பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருந்தது, வாங்கிப் போட்டேன். நன்றி சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

"எந்தொரு மரியாதை! முன்னப்பின்ன தெரியாதவங்க நம்மகிட்ட வந்து பேசறாங்க, பாத்தியா மோளே?" என்று மாமனார் பூரித்துப் போனார்.

மீனுதான் கண்டுபிடித்தாள். "அம்மா, அங்க நோக்கு."

ஐஸ்க்ரீம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் போனாள். கிளிப்பச்சை டி-ஷர்ட். முதுகில் பெரிதாக 'டீம்'. அவளுக்குப் பின்னால் துடைப்பத்தோடு ஒருவர். அவரும் கிளிப்பச்சை, அவரும் டீம்.

"நல்ல செலக்‌ஷன், லதா," என்றார் சுரேஷ். (திட்டியிருந்தால்கூடத் தேவலை.)

மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். படகு சவாரிக்கான வரிசையில் சங்கிலி கழன்று விழுந்து, ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே இரண்டு கைகளையும் உயர்த்தியபடி மாமனார். கொச்சித் துறைமுகத்து வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கின் வாசலில் லாரிகளை ஒழுங்குபடுத்தியே ஓய்வு பெற்றவர் அவர். நெரிசலைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது.

"லைன்! ஒன் லைன்! பேபி ஃபர்ஸ்ட்!"

ஆச்சரியம் என்னவென்றால், எல்லோரும் கேட்டார்கள். கூட்டம் மளமளவென்று வரிசையானது. கைக்குழந்தைக்காரர்களை முன்னால் விட்டார். குறுக்கே புகுந்த ஒரு தடியரைக் கண்ணாலேயே பின்னுக்கு அனுப்பினார்.

அவரை இழுத்து வர ஓடினேன். பாதி வழியில் ஒரு பெண்மணி என்னை மறித்து, அழுதுகொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். "அம்மாவைத் தொலைத்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு போயே போய்விட்டாள்.

அதுவரை இருந்த வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழந்தை என்ன மொழி பேசியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டேன். என் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விம்மியது. கண்ணெட்டும் தூரத்தில் எங்கோ ஒரு தாய் இதைவிட மோசமாக அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து, கூட்டத்துக்குத் தெரியும்படி குழந்தையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். மீனு பையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்துக் கொடுத்தாள். குழந்தை ஒரு கையால் வாங்கித் தின்றது. மற்ற கை காலரை விடவில்லை.

அப்போது ஒரு சூப்பர்வைசர் அம்மா விரைந்து வந்தார். குழந்தையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், பேட்ஜைத் தேடினார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

"நீங்க எந்த செக்‌ஷன்?"

பதற்றத்தில் என் வாயில் வந்தது: "மட்டாஞ்சேரி."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அது எங்க? ஃபுட் கோர்ட் பக்கமா?"

"இல்லிங்க. கொச்சி பக்கம்."

மீதியைச் சுரேஷ் விளக்கினார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசினார். சற்று நேரத்தில் செருப்பு ஒரு காலில் மட்டும் இருக்க, ஒருத்தி ஓடி வந்தாள். குழந்தையை வாங்கக்கூட இல்லை. குழந்தையோடு சேர்த்து என்னையும் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சிப்ஸ் நொறுங்கி எங்கள் இருவர் மேலும் கொட்டியது.

இனிமேலும் குழப்பம் வேண்டாம் என்று, மேலே போட்டுக்கொள்ள எங்களுக்கு மஞ்சள் மழைக்கோட்டுகள் கொடுத்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் மாமனார் படகு வரிசையை விட்டு அசைய மறுத்தார்.

"மாமா, வாங்க. நாம இங்க வேலை செய்யறவங்க இல்ல."

"அது எனக்கும் அறியாம் மோளே. பகரம் ஆள் வராம எப்படி கேட்டை விட்டுட்டு வர்றது?"

மாற்று ஆளாக நிஜப் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் வந்த பிறகுதான், அவர் கையில் சங்கிலியை முறைப்படி ஒப்படைத்துவிட்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் அம்மா எங்களை அடுத்த படகிலேயே ஏற்றிவிட்டார். வெயிலில் மழைக்கோட்டோடு நாங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் போட்டோ இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

இப்போதும் யாராவது வீட்டுக்கு வழி கேட்டால் மீனு சிரிக்காமல், "ஃபுட் கோர்ட் பக்கம்" என்கிறாள். மாமனார் ஒரு படி மேலே போய்விட்டார். சாயங்காலமானால் அந்தக் கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் படகுத் துறைக்குக் கிளம்பிவிடுகிறார். அடுத்த படகு எப்போது என்று ஜனங்கள் அவரிடம்தான் கேட்கிறார்கள். போன வாரம் அவசரமாக ஓடிப் போய், அவர் இருக்கிற தைரியத்தில் வரிசையின் முன்னால் நுழையப் பார்த்தேன்.

கை உயர்ந்தது. "மேடம், லைன்ல நில்லுங்க."

மருமகள் என்றுகூடப் பார்க்கவில்லை.