பாறை ஏறிக் கூலி கொடுத்தவர்

ரூபாயை அவரைப் போல மூச்சு வாங்க வைத்தவர் எங்கள் ஏலத்தோட்டத்தில் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் பாறைக்காரர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் ஜீப் ஓட்டுகிறேன். பெயர் கேட்டு ஏற்றுவதில்லை.

எங்கள் லயத்து வீடுகளுக்கு வண்டன்மேட்டிலிருந்து என் ஜீப்தான் வரும். போன் சிக்னல் வராது. மேலே பாறையில் மட்டும் கிடைக்கும். பத்து நிமிஷ ஏற்றம். அதனால் எல்லா வீட்டிலும் நோட்டுதான். அவர் மட்டும் போனில் பணம் அனுப்புவார்.

மீன்காரர் வந்தால் மத்தியை வாங்கி வீட்டில் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாறை ஏறுவார். பாதியில் மனசு மாறி இறங்குவார்.

“மீன் வேணாம்ப்பா. அவ்வளவு பசி இல்ல.”

“அண்ணே, மதினி மீனை அலசியாச்சு!”

“அப்பச் சரி.” மறுபடி ஏறுவார்.

என் கூலிக்கும் அதே கதை. ஒருநாள் பாதிப் பாறையில் நின்று கத்தினார்.

“டவுனுக்குப் போனதே தண்டம், தம்பி!”

“போயாச்சுல்ல. ஏறுங்கண்ணே!”

ஏறினார். ஜீப்பில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

மதினிக்குப் பொறுக்கவில்லை. “வீட்லதான் நோட்டு இருக்கே. எடுத்துக் குடுத்தா கை தேஞ்சிருமா?”

“அது ஆஸ்பத்திரி நோட்டு. மத்ததுக்கு ஏறணும். ஏறையிலயே வேணுமா வேணாமான்னு தெரிஞ்சிரும்.”

போன மழைக்காலத்தில், காய் எடுக்கும்போது மதினியைப் பாம்பு கடித்தது. பாறைக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் கிடத்தினார். கக்கத்தில் ஏலக்காய்ப் பையில் சுற்றிய நோட்டுக்கட்டு. வண்டியில் டீசல் போதாது. பெட்ரோல் பங்கில் மழைக்கு நெட் போயிருந்தது. நோட்டை நீட்டினார். ஆஸ்பத்திரியிலும் நீட்டினார்.

மதினி பிழைத்தார்.

அன்றைக்கு மிச்ச நோட்டுக்கட்டை என் கையில் வைத்தார். “ஒங்கூலிய எடுத்துக்க. பாக்கி வண்டியிலயே கெடக்கட்டும். அடுத்த வீட்டுக்கு ஆகும்.”

“அவங்க யார்ட்ட திருப்பிக் குடுக்க?”

“வண்டிகிட்ட.”

இப்போது அவர் போடியில் மகனோடு இருக்கிறார். அங்கே வீட்டுக்குள்ளேயே சிக்னல். செலவு கைமீறுகிறதாம்.

கட்டு என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆறு வீட்டுக்கு ஆஸ்பத்திரி போய்த் திரும்பிவிட்டது. நோட்டெல்லாம் மாறிவிட்டது. ஒன்றில் மட்டும் இன்னும் ஏலக்காய் வாசம். அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.