தண்ணீர் இல்லாத ஏரிக்கரையில் ஒரு சம்பந்தம்

லோறென்ஸ்கூக், நோர்வே,
பெந்தேகோஸ்துத் திங்கள்

திராமனில் வசிக்கும் மைத்துனர் எலியாஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் அக்கா புளோறன்ஸும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான் ஏசுவது முழுதாக உள்ளே இறங்கும். தொலைபேசியில் ஏசினால் இடையில் சிரித்துவிடுவீர், அதனால்தான் கடிதம்.

மகன் றஜீவ் கட்டப்போகும் எம்மாவின் தாய் தகப்பன் முதன்முதலாக எங்களோடு சாப்பிட வருகிறார்கள், நோர்வேக்காரர், மலையும் தண்ணீரும் விருப்பம், நல்ல இடமாகப் பாரும் என்று எத்தனை தரம் சொன்னேன்? “அத்தான், ஏரிக்கரையிலை மரவீடு இருக்கு. கதவைத் திறந்தா தண்ணிக்குள்ளைதான் கால்” என்றீர். சனிக்கிழமை புட்டும் இறால் குழம்பும் கட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம் காரில் மலையேறிப்போய்க் கதவைத் திறந்தால், எங்கேயடா தண்ணீர்? கண்ணுக்கெட்டியவரை சேறும் கல்லும்!

ஊர்காவற்றுறையில் பிறந்தவனுக்குக் கடல் வற்றுவதும் பெருகுவதும் தெரியாதா? “ஒருத்தரும் யோசியாதேங்கோ. இப்ப வத்து, பின்னேரம் பெருகிடும்” என்றேன். சம்பந்திக்கும் எனக்குத் தெரிந்த நோர்வேமொழியில் விளக்கினேன். “அப்பா, இது கடல் இல்லை” என்று றஜீவ் தொடங்கினான். “தண்ணியைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வாறியோ?” என்று அவன் வாயை அடைத்துவிட்டு, கரையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணித்தியாலம்! எம்மாவின் தகப்பனும், பாவம், குளிருக்குள் பக்கத்தில் இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. கடைசியில் நாயோடு நடந்துவந்த ஒரு கிழவர்தான் சொன்னார்: மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துக் கட்டிய ஏரியாம், மாரிக்குளிர்காலம் முழுவதும் தண்ணீரை எடுத்துவிட்டார்களாம், பனி உருகி நிரம்ப யூலை ஆகுமாம். யூலை வரும்மட்டும் நான் கதிரையில் இருப்பதா?

என் மானம் போய்விட்டது. இந்த மடையன் வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? றஜீவ் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டான். இனி நீர் என் வீட்டுப் படி ஏறக்கூடாது, நத்தார்ப் பண்டிகைக்கும்தான்.

உம்மைத் தவிர உமது வீட்டார் அனைவருக்கும் இறையாசீர் நிறைவாகக் கிடைப்பதாக.

கொதிப்புடன்,
அத்தான் யேசுரட்ணம்

பி.கு.: இப்போதுதான் எம்மாவின் தகப்பன் அழைத்தார். அந்த மனிதர் இருபது வருடம் அணைக்கட்டில் வேலை செய்தவராம்! தண்ணீர் வராது என்று வந்தவுடனேயே தெரியுமாம். மகனுக்கு முன்னால் தகப்பனின் சொல் விழக்கூடாது என்றுதான் வாய் திறக்காமல் இருந்தாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலியாணம் செப்டெம்பரில். தம்பி எலியாஸ், மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். வரும் ஞாயிறு பூசை முடிய அவர்கள் இங்கே சாப்பிட வருகிறார்கள். கட்டாயம் வாரும். அவருக்குப் பக்கத்தில் நீர்தான் இருக்க வேண்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.